முழுகாமல் இருந்தவளுக்கு ஒரு முழுக்கு

வூடூச் சடங்கு ஒன்றுக்குப் போனபோது என் வேட்டி மடியில் ஒரு தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். புதுக் கார் வாங்கிய அன்று சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்த என் மனைவிக்கு, சிட்னியின் டூங்கபித் தெருவில், அயலவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பகுத்தறிவு பற்றி ஒரு சிற்றுரை ஆற்றியவன் நான். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் ஆபத்துகளை மதிப்பிடுவது என் தொழில். வெள்ளத்துக்கு ஒரு விகிதம் உண்டு, நெருப்புக்கு ஒரு விகிதம் உண்டு, தேசிக்காய்க்கு எந்த விகிதமும் கிடையாது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்ட நான் அன்று காலை பின்வளவுக்குப் போய், மனைவி குசினி யன்னலால் பார்க்காத நேரமாகப் பார்த்து, மரத்தில் இருந்ததில் வடிவானதாக ஒன்றைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

அதற்கு முதலே அதைவிடப் பெரிய மடைத்தனம் ஒன்றைச் செய்திருந்தேன். மொழிபெயர்த்திருந்தேன்.

எங்கள் மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். ஒருத்தி கர்ப்பமாக இருப்பதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். மாதாமாதம் தலை முழுகவேண்டிய நாள் வராமல் நின்றுவிட்டது என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கணக்கு. என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சென்னையிலிருந்து வந்தவர். "மகள் முழுகாமல் இருக்கிறா" என்று, இதற்கு முந்திய ஒரு தடவை, நான் சொன்னபோது, "ஏன் சார், உங்க ஏரியாவுல தண்ணி கஷ்டமா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அவருடைய ஊரில் அது நியாயமான கேள்வி.

மகளுக்கு இது மூன்றாவது. முந்திய இரண்டும் ஏறத்தாழ ஒரே கட்டத்தில் இல்லாமல் போயின. ஸ்கான் எடுக்கிறவர் திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், வெறுமனே சுட்டியை மட்டும் அழுத்திக்கொண்டிருந்த ஒரு சில நிமிடங்களில் இரண்டு முறையும் அது எங்களுக்குத் தெரியவந்தது. இப்போது அதே கட்டம் மறுபடி வந்துவிட்டது. திங்கட்கிழமை ஸ்கான். மருமகன் மேற்கு அவுஸ்திரேலியாவில் சுரங்கத்தில் வேலை, திங்கள் காலைதான் வந்து சேருவான். அதுவரை அவள் எங்களோடு இருந்தாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். கதவுகளைக்கூட மெதுவாகச் சாத்தினோம், யாரோ நித்திரை கொள்கிற வீடு மாதிரி.

இரண்டாவது தடவை நடந்தபோது, பரமட்டாவுக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், தன் வேலைநேரம் முடிந்தும் போகாமல் அவளோடு இருந்தவர் ஒரு தாதி. நியூ ஓர்லியன்ஸ்காரர், கறுப்பினப் பெண்மணி, என் வயது இருக்கும். புறப்படும்போது மகளின் தலையில் கையை வைத்து, "உன் தலை நன்றாகக் களைத்துப்போயிருக்கிறது பிள்ளை. கோடை நடுவில் என்னிடம் வா. கழுவிவிடுகிறேன்" என்றாராம். சீருடையைக் கழற்றிவிட்டால் அவர் ஒரு வூடூப் பூசாரி என்பது மகளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோயிலுக்குப் போவதை அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். அங்கே சர்க்கரைப்பொங்கல் வாங்குகிற வரிசையில் நிற்கும் அன்ரிமார், "என்ன பிள்ளை, விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று அவளுடைய வயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள். அந்தத் தாதி ஒன்றும் கேட்கவில்லை. மகள் அவரிடம் போகிறேன் என்று சொன்னதற்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதைப் பற்றி அவள் அவருக்கும் சொல்லவில்லை. எங்கள் நாலு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"ஹெட் வொஷிங் அப்பா. தட்ஸ் ஒல்."

குசினிக்குள் எண்ணெய் கொதிக்கிற சத்தத்தில் மனைவிக்குக் கேட்கவில்லை. "என்னவாம்?" என்றாள்.

ஷாம்பூ போட்டுவிடுவினமாம் என்று சொல்லியிருக்கலாம். தலைக்கு எண்ணெய் வைப்பினமாம் என்றாவது சொல்லியிருக்கலாம். சரியான சொல் ஒன்று நாக்கில் வந்து நின்றால் அதை விழுங்கத் தெரியாத பிறவி நான்.

"தலை முழுக்கு," என்றேன்.

உள்ளே அகப்பை விழுந்த சத்தம் கேட்டது.

எங்கள் பேச்சில் தலை முழுகுகிறவர்கள் யார்? செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்கள். இனி இவன் எங்களுக்கில்லை என்று ஒருவனைக் கைவிட்டவர்கள். பிறகு, முழுகாமல் இருந்து, இடையில் முழுகிவிட்டவர்கள். அந்தக் கடைசி வகை எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்திருந்தது. மனைவி வாசலில் வந்து நின்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழக்கமான விஷயம். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"முழுகாமல் இருக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் முழுக வார்க்கப் போறியளோ?"

"அம்மா, இட்ஸ் நொட் லைக் தட்."

"வேற என்ன மாதிரி? என்ன உடுப்புப் போடட்டாம்?"

மகள் என்னைப் பார்த்தாள். "வைட்," என்றாள். "ஒல் வைட். தலைக்கும் வெள்ளைத் துணி."

மனைவி கதிரையில் இருந்தாள். "நானும் வாறன்," என்றாள். "அங்க ஆரும் என்ர பிள்ளையில தண்ணி ஊத்தினால் நான் பார்த்துக்கொண்டு நிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

மகளுடைய ஊரறியாத இந்தப் பயணத்தை நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் அலுவலகத்தில், எதற்கு அரைநாள் லீவு என்று சென்னைக்காரர் கேட்டபோது, வூடூ பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். "எங்க ஊர்ல வூடுன்னா வீடு சார்," என்றார் அவர். "அதைப் பார்க்க எதுக்கு லீவு?"

அவருடைய ஊர்க்காரர்களின் வூடூவைப் பற்றி எனக்குத் தெரியாது. நியூ ஓர்லியன்ஸ்காரர்களின் வூடூவைப் பற்றி நாலு புத்தகம் படித்திருந்தேன். பூசாரியை விடவும் எனக்குக் கூடுதலாகத் தெரியும் என்ற நம்பிக்கையோடு காரை எடுத்தேன். அங்கே இந்தச் சடங்கு ஜூன் மாதத்தில், கோடையின் நடுவில், ஒரு புனிதரின் பெருநாளுக்கு முந்திய நாள் நடப்பது என்று வழிநெடுக விளக்கினேன். இந்த அம்மா சிட்னிக்கு வந்த முதல் வருடம் அதே திகதியில் நடத்தினாராம். இங்கே ஜூன் குளிர்காலம். ஈரத் தலையோடு ஓடைக்கரையில் நின்ற அத்தனை பேரும் தடிமன் பிடித்துப் படுத்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து திகதியைக் கைவிட்டு வெயிலைப் பிடித்துக்கொண்டார். டிசம்பரில் நடத்துகிறார். "தைப்பொங்கலை நாற்பது பாகை வெயிலுக்குள்ள காஸ் அடுப்பில பொங்குறம்தானே, அது மாதிரி," என்றேன்.

காரில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. மனைவி முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சாம்பல் விழத் தொடங்கியிருந்தது.

அன்றைக்கு மாநிலம் முழுவதும் நெருப்பு மூட்டத் தடை. தெற்கே எங்கோ காடு எரிந்துகொண்டிருந்தது. சடங்கு நடக்கவிருந்த ஹெலன்ஸ்பர்க்கை நெருங்க நெருங்க வானம் பழைய பித்தளைச் செம்பின் நிறத்துக்கு வந்தது. சூரியனை வெறும் கண்ணால் நேராகப் பார்க்க முடிந்தது. யாரோ வட்டமாக வெட்டி ஒட்டிய சிவப்புக் கடதாசி மாதிரி இருந்தது. பின்னேரம்தான், ஆனாலும் எதிரே வந்த கார்கள் எல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. முக்கியமாக, எல்லாக் காரும் எதிரேதான் வந்தன. எங்கள் திசையில் ஒன்றும் போகவில்லை. தொழில் முறையில் நான் அதைக் கவனித்தேன். என் அலுவலகத்தில் யாராவது இந்தப் பயணத்துக்குக் காப்புறுதி கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

மகள் போகாமல் விட்ட அந்தக் கோயிலும் ஹெலன்ஸ்பர்க்கில்தான். அதற்குத் திரும்புகிற சந்தியில் மனைவி, "ஒருக்கா உள்ள போயிட்டுப் போவமே," என்றாள்.

"அம்மா, ப்ளீஸ்."

"நீ இறங்கவேண்டாம். நான் மட்டும் போட்டு வாறன்."

"நோ, அம்மா."

மனைவி காருக்குள் இருந்தபடியே கோபுரம் இருக்கவேண்டிய பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அங்கே புகைதான் இருந்தது.

மண்பாதை ஒன்றில் இறங்கிப் போனோம். அந்த வளவுக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் அந்த ஒரு பாதைதான். ஓடை வற்றிக் குழிகளாகத் தேங்கிக் கிடந்தது. அதன் கரையில் இருபது பேரளவில், முழு வெள்ளையில், தலையில் வெள்ளைத் துணியோடு நின்றார்கள். யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, சிவந்த வெளிச்சத்தில், அசையாமல் நின்ற அந்த வெள்ளையைப் பார்த்ததும் மனைவி கார்க் கதவைத் திறக்கப்போன கையை எடுத்துவிட்டாள்.

"செத்தவீடு," என்றாள்.

மறுத்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நான் கட்டியிருந்த வேட்டியே கடைசியாக ஒரு செத்தவீட்டுக்குக் கட்டியதுதான். மகள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். ஆனால் அதன் விளிம்புக்கு உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், மனைவி ஒரு சிவப்புத் துணித் துண்டை ஊசியால் குத்திவிட்டிருந்தாள். மகள் அது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள்.

மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே இருந்தாள். இரண்டு நிமிடம்கூட இருக்கவில்லை. கையில் ஒரு பெட்டியோடு இறங்கி வந்தாள். வடை. "வெறுங்கையோட போறதே?" என்று என்னைக் கேட்டாள். முதல்நாள் அகப்பை விழுந்த பிறகும் அவள் அடுப்பை அணைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மேசை ஒன்றில் படையல் வைத்திருந்தார்கள். சீப்புகள், ரிப்பன்கள், தலைக்குப் பூசும் எண்ணெய்ப் போத்தல்கள், வெள்ளைப் பூக்கள். இந்த வழியைத் தொடக்கி வைத்த மூதாட்டி முற்காலத்தில் சிகை அலங்காரம் செய்து பிழைத்தவராம். அதனால் அவருக்குத் தலை சம்பந்தமானவைதான் பிடிக்கும். நெருப்புக்குத் தடை என்பதால் மெழுகுதிரிகளுக்குப் பதிலாக மலிவுக் கடை பட்டரி விளக்குகள் மினுங்கிக்கொண்டிருந்தன. சிரிப்பு வரவேண்டிய காட்சி. வரவில்லை. காற்றில் ஆடாத சுடர் ஒரு வகையில் பயமாகத்தான் இருக்கிறது. தன் வடைப் பெட்டியைச் சீப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டு மனைவி பின்னால் போய் நின்றாள்.

தாதி, இப்போது பூசாரி, வெறுங்காலோடு வந்தார். கூட்டிய மண்ணில் குந்தியிருந்து, ஒரு பிடி சோளமாவை விரல்களுக்கிடையே விட்டுக் கோடு இழுத்தார். ஒரு சிலுவை, அதன் கரையில் ஒரு ஊன்றுகோல், சுற்றிச் சுருள்கள். அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் இடையிலுள்ள வாசலைக் காக்கிற கிழவருக்கு அது அழைப்பு. அவர் திறந்தால்தான் மற்றது எல்லாம். உடனே பிள்ளையார் என்று என் மனது ஓடியது. எதைக் கண்டாலும் எங்களிடமும் ஒன்று இருக்கிறது என்று சொல்லுகிற வியாதி எனக்கு உண்டு. மனைவி அதெல்லாம் பார்க்கவில்லை. ஒரு மார்கழி விடாமல் வாசலில் கோலம் போடுகிறவள், கையைத்தான் பார்த்தாள். "கை நடுங்காமல் போடுறா," என்றாள், விருப்பமில்லாமல்.

காற்று ஒன்று வந்தது. கோலத்தின் ஒரு மூலை அழிந்தது. பூசாரி திரும்பவும் போட்டார். மறுபடி காற்று, அதே மூலை. மேளம் அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அவர் கையில் மிஞ்சிய மாவை உதறிவிட்டு, "திறந்தபடியே இருக்கட்டும்" என்று சொல்லி எழும்பினார். மேளம் தொடங்கியது. வெக்கை நாற்பதைத் தாண்டியிருந்தது.

ஒவ்வொருவராகப் போய் எனாமல் பேசினுக்கு மேல் தலையைக் குனிந்தார்கள். அவரவர் பெயரைச் சொல்லி ஒரு செம்பு தண்ணீர் முகந்து, அதில் துளசி மாதிரி மணக்கிற ஏதோ இலையைக் கசக்கிப் போட்டு, ஊற்றி, விரலால் உச்சியை அழுத்திக் கழுவினார். பிறகு வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினார். சிலர் அழுதார்கள். ஒரு பெரிய உடம்புக்காரர், சாரதியோ கட்டட வேலைக்காரரோ, தாயைத் தேடுகிற பிள்ளை மாதிரி விம்மினார். அதைப் பார்த்தபோது என் நாலு புத்தகங்களிலும் இது இல்லை என்று நினைத்தேன்.

மகளின் முறை வந்தது. அவள் போய் முழந்தாளில் இருந்தாள். எனக்குப் பின்னால் மனைவியின் மூச்சுச் சத்தம் கேட்டது. பூசாரி மகளின் பெயரைச் சொல்லித் தண்ணீர் முகந்தார். செம்பு ஒரு கையில் இருக்க, மற்றக் கையை அவள் தலையில் வைத்தார்.

வைத்த கையை எடுக்கவில்லை. மேளம் தானாக மெலிந்து நின்றது. மரத்தில் இருந்த கறுப்புக் கொக்கற்றூக் கிளிகள் எல்லாம் ஒரேயடியாகக் கத்திக்கொண்டு எழும்பிப் போயின. பூசாரி கையை மெல்ல எடுத்து, செம்பை நிலத்தில் வைத்தார்.

"இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்," என்றார் ஆங்கிலத்தில், தாழ்ந்த குரலில். "நான் ஒருத்தியிடம்தான் கேட்டேன். மற்றவர் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத தலையில் நான் தண்ணீர் ஊற்றமாட்டேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாதி வேலை செய்கிறவர், ஒரு பெண் முழந்தாளில் இருக்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்கிறாள் என்று பார்த்தே கண்டுபிடித்திருப்பார் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அது தோன்றவில்லை. அப்போது தோன்றியது, பதில் சொல்லவில்லை என்ற அந்த ஒரு சொல்தான். முந்திய இரண்டும் பதில் சொல்லவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்திருந்தவர்களும் பதில் சொல்லவில்லை.

பின்னாலிருந்து மனைவி என் தோளைத் தொட்டாள். "என்ன சொல்லுறா?"

என் வாழ்நாளிலேயே முதல் தடவையாகச் சரியான சொல்லை விழுங்கினேன்.

"ஈரத்தோட நிண்டால் தடிமன் பிடிக்குமாம்," என்றேன். "முழுகவேண்டாமாம்."

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் முதல்நாளிலிருந்து பயந்தது பிள்ளைக்கு முழுக வார்த்துவிடுவார்கள் என்று. இப்போது வார்க்கவில்லை. ஆனால் அவளுடைய கை என் தோளை விடவில்லை, நகம் சட்டைக்குள்ளால் பதிந்தது.

பூசாரி எங்கள் பக்கம் திரும்பினார். அவள் பெயரில் முகந்த தண்ணீரை நிலத்தில் ஊற்றக் கூடாது, அதே வீட்டுத் தலை ஒன்று வேண்டும் என்றார். என் கால்கள் எனக்கு முந்திப் போய்விட்டன. இதைத் தியாகம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முழந்தாளில் இருந்து குனிந்தேன். மடியிலிருந்த தேசிக்காய் நழுவி விழுந்து உருண்டது. இருபது வெள்ளைத் தலைகளும் அதோடு சேர்ந்து திரும்பின. உருண்டு போய், அழிந்திருந்த அந்த மூலையால் கோலத்துக்குள் நுழைந்து, சிலுவையின் காலடியில் நின்றது. அதே கணம் எல்லாருடைய கைபேசிகளும், பைகளுக்குள்ளும் கார்களுக்குள்ளும், ஒன்றாக அலறின. தீயணைப்புத் துறையின் எச்சரிக்கை. காற்று திசை மாறியிருக்கிறது, இந்தப் பகுதியில் உள்ளவர்கள் வெளியேற ஆயத்தமாக இருக்கவும்.

"ஐயோ முருகா," என்றாள் மனைவி.

பூசாரி அவசரப்படவில்லை. தேசிக்காயை எடுத்து மணந்து பார்த்தார். "நல்ல காய்," என்று சொல்லி வடைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு தண்ணீரை என் தலையில் ஊற்றினார்.

மயிர் மிச்சமில்லாத தலையில் தண்ணீர் எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். ஒன்றும் தடுக்காது. நேராக உள்ளே போகிற மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணீர், இலை மணம், பெருவிரலின் அழுத்தம். என் முகத்துக்கு நேரே பேசினில் சிவப்பு வானம் அசைந்துகொண்டிருந்தது. நான் திங்கட்கிழமையை நினைத்தேன். விகிதம் போட்டுப் பார்த்தேன். இரண்டு முறை நடந்தது மூன்றாம் முறை நடப்பதற்கான விகிதம் எனக்கு மனப்பாடம். அதைத்தான் பல நாட்களாக யாருக்கும் சொல்லாமல் தலைக்குள் வைத்திருந்தேன். அந்த எண்ணைக் கழுவிவிடச் சொல்லி, யாரிடம் என்று தெரியாமல், கேட்டேன்.

பூசாரி என் உச்சியில் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார், கதவைத் தட்டுகிற மாதிரி. காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டார். மறுபடி தட்டினார். ஒன்றும் சொல்லாமல் துணியைக் கட்டிவிட்டார். மற்றவர்களுக்கு எல்லாம் காதுக்குள் ஏதோ சொன்னவர் எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கள்வரை தலையில் தண்ணீர் படக் கூடாது என்றார், அவ்வளவுதான்.

ஒருவர் பின் ஒருவராகக் கார்களில் ஏறி அந்த ஒற்றைப் பாதையால் வெளியேறினோம். பின் கண்ணாடியில் மரங்களுக்கு மேலே ஒரு செம்மை ஊர்ந்தது. பெருந்தெருவுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்:

"முப்பது வருஷமா இந்த நாட்டில இருக்கிறன். எனக்கு இங்கிலீஷ் விளங்காது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியளோ?"

பின் ஆசனத்தில் மகள் யன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். மனைவி கையைப் பின்னால் நீட்டினாள். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். டூங்கபி வரை அப்படியே வந்தார்கள். மனைவியின் தோள் அதற்குப் பிறகு ஒரு கிழமை நொந்தது.

சனியும் ஞாயிறும் நான் தலையில் துணியோடு திரிந்தேன். வெக்கையில் துணிக்குள் வேர்த்து ஊறியது. நெருப்பு அந்த வளவுக்கு வரவில்லை என்று மகளுக்குத் தகவல் வந்தது. ஞாயிறு மத்தியானம் மனைவி என்னைக் கடந்து போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, "இப்ப இந்த வீட்டில ஆர் முழுகாமல் இருக்கிறது?" என்றாள். மகளுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு சிரித்தாள். மாதக்கணக்கில் கேட்காத சத்தம். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகையாக மாறியது, மூன்று பேரும் வேறு வேறு அறைகளுக்குள் போனோம்.

திங்கட்கிழமை மகளும் மருமகனும் உள்ளே போனார்கள். நாங்கள் வெளியே கதிரைகளில் இருந்தோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. இப்போது திரை அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று எனக்குத் தெரியும், மனைவிக்கும் தெரியும். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு ஒருவர், விபத்துப் பிரிவு கீழ்மாடியில் என்று எனக்கு அன்போடு வழி சொன்னார்.

கதவு திறந்தது. மகள் வந்தாள்.

"பதில் சொல்லிட்டுது அப்பா," என்றாள் தமிழில். "அடிக்குது."

இன்னும் தூரம் இருக்கிறது, மறுபடி வந்து பார்க்கவேண்டும் என்றெல்லாம் மருமகன் பின்னால் நின்று சொன்னான். யார் கேட்டார்கள். மனைவி மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழே கோப்பிக் கடையில் அந்தத் தாதியைக் கண்டோம், நீலச் சீருடையில், வரிசையில். மகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். நான் கொஞ்சம் பொறுத்து, இரண்டு நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஒவ்வொரு தலைக்கும் ஒரு ஆவி உரிமைக்காரர் என்று படித்திருக்கிறேன், என் தலைக்கு யார், ஏன் எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை? வாசல் காக்கிற கிழவராக இருக்கலாம் என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அறிவாளிகளுக்கு அவர்தான் பொருத்தம் என்று என் இரண்டாவது புத்தகம் சொல்லியிருந்தது.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தட்டிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை," என்றார். "இரண்டாம் முறையும் தட்டினேன். வீடு காலி. அதனால்தான் உங்கள் மகளின் தண்ணீரை அங்கே வைத்தேன். இடம் தாராளமாக இருந்தது."

சென்னைக்காரர் சொன்ன வூடு நினைவுக்கு வந்தது. ஆளில்லாத வீடுகளுக்கு எங்கள் நிறுவனம் காப்புறுதி கொடுப்பதில்லை என்பதும்.

இந்தத் தடவை மனைவி மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. கோப்பியை எடுத்துக்கொண்டு, என் தலைத் துணியின் முடிச்சை ஒரு கையால் அவிழ்த்தாள்.

"இதைக் கண்டுபிடிக்க ஹெலன்ஸ்பர்க் வரைக்கும் போகவேணுமே?" என்றாள். "என்னட்டைக் கேட்டிருந்தால் வீட்டிலேயே சொல்லியிருப்பன். வாங்கோ, போய் முழுகுங்கோ. மணக்குது."